யாரும் கதவைத் தட்டாத கண்காணிப்பு

2014 ஜனவரி 21, உக்ரைனின் தலைநகர் கீவ். நகரின் நடுச் சதுக்கத்தில் இரண்டு மாதங்களாக மக்கள் அரசுக்கு எதிராகக் கூடியிருந்தார்கள். போராட்டங்களை ஒடுக்கும் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. காவல்துறையோடு மோதல் நடந்த பகுதியில் இருந்தவர்களின் செல்போன்களுக்கு ஒரே வாசகம் குறுஞ்செய்தியாக வந்தது: "மதிப்பிற்குரிய சந்தாதாரரே, பெருங்கலவரத்தில் பங்கேற்றவராக நீங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளீர்கள்." செல்போன் நிறுவனங்கள் நாங்கள் அனுப்பவில்லை என்று மறுத்தன.

அந்த வாசகத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கைது செய்வோம் என்று இல்லை, வீட்டுக்குப் போ என்றுகூட இல்லை. நீ இங்கே நிற்கிறாய், அது எங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். டிஜிட்டல் கண்காணிப்பு என்றால் என்ன என்று புதிதாகக் கேட்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான அறிமுகம் எனக்குத் தெரிந்து கிடையாது. இதிலிருந்து மூன்று கேள்விகள் கிளம்புகின்றன. அவர் அங்கே நிற்பது எப்படித் தெரிந்தது? தெரிகிறது என்று தெரிந்தால் ஒரு மனிதர் என்ன செய்வார்? இப்படியெல்லாம் நடப்பது உலகத்துக்கே அம்பலமான பிறகும், பெரும்பாலானவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை? மூன்றாவது கேள்விதான் என்னை ரொம்ப நாளாகக் குடைவது. ஆனால் முதலிரண்டையும் தாண்டாமல் அங்கே போக முடியாது.

போனுக்குத் தெரிவது

செல்போன் வேலை செய்ய வேண்டுமென்றால், அது எங்கே இருக்கிறது என்பது சேவை நிறுவனத்துக்குத் தெரிந்தே ஆக வேண்டும். உங்களுக்கு ஓர் அழைப்பு வருகிறது. அதை எந்தக் கோபுரம் வழியாக உங்களிடம் சேர்ப்பது? அதற்காகத்தான் போன் பக்கத்திலுள்ள கோபுரத்தோடு அவ்வப்போது பேசிக்கொள்கிறது. சிம் கார்டுக்கு ஓர் எண் உண்டு, கருவிக்கு ஓர் எண் உண்டு. இரண்டும் அங்கே பதிவாகும். ஜிபிஎஸ்ஸை அணைத்து வைத்தாலும் இது நிற்காது. இதில் சதி எதுவும் இல்லை, தொழில்நுட்பம் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

பதிவு சேர்ந்த பிறகு அதை யார் கேட்கிறார்கள் என்பதில்தான் பிரச்சினை. இன்ன தேதி, இன்ன நேரம், இந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருந்த எண்களையெல்லாம் கொடு என்று ஓர் அரசு கேட்டால், ஒரு கூட்டத்தின் வருகைப் பதிவேடு கைக்கு வந்துவிடும். கோபுரம்போல நடித்துச் சுற்றியுள்ள போன்களைத் தன்னோடு இணைக்க வைக்கும் கருவிகளும் உண்டு. அவை இருந்தால் நிறுவனத்தைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

'கோடிக்கணக்கான எண்களுக்கு நடுவே என்னை யார் தேடப் போகிறார்கள்' என்று தோன்றும். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஈவ்-அலெக்சாண்டர் டி மோன்ஜோய் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 15 லட்சம் பேரின் செல்போன் இடப் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். பெயர், எண் எல்லாம் நீக்கப்பட்ட, 15 மாதங்களுக்கான தரவு. ஒருவர் எந்த நேரத்தில் எந்தக் கோபுரத்தின் அருகே இருந்தார் என்ற விவரம் வெறும் நான்கு இருந்தாலே போதும், 95 சதவீதம் பேரைக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துவிடலாம் என்று கண்டார்கள். யோசித்தால் ஆச்சரியம் இல்லை. இரவில் நீங்கள் தூங்கும் இடம், பகலில் வேலை செய்யும் இடம், இவை இரண்டும் ஒன்றாகப் பொருந்துகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பெயரை நீக்கிவிட்டோம், கவலை வேண்டாம் என்று எந்த நிறுவனம் சொன்னாலும் இந்த ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் ஒட்டுக் கேட்கவில்லை

2013 மார்ச் 12 அன்று அமெரிக்க செனட் குழுவின் முன்னால் அந்நாட்டின் தேசிய உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர் அமர்ந்திருந்தார். கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி என்எஸ்ஏ எனப்படும் தேசியப் பாதுகாப்பு முகமை எந்த வகையான தரவையாவது சேகரிக்கிறதா என்று செனட்டர் ரான் வைடன் கேட்டார். இல்லை, தெரிந்தே சேகரிப்பதில்லை என்பது கிளாப்பரின் பதில். மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 5 அன்று, என்எஸ்ஏவுக்காக ஒப்பந்த ஊழியராக வேலை செய்த எட்வர்ட் ஸ்னோடன் கொடுத்த ஆவணங்களில் முதலாவது தி கார்டியன் இதழில் வெளியானது. வெரைசன் என்ற பெரிய தொலைபேசி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் அழைப்புப் பதிவுகளை அன்றாடம் என்எஸ்ஏவிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற ரகசிய நீதிமன்ற உத்தரவு அது. சந்தேகத்துக்குரிய யாரோ சிலருடையவை மட்டும் அல்ல, எல்லா வாடிக்கையாளர்களின் பதிவுகளும்.

இரண்டு நாள் கழித்து அதிபர் ஒபாமா மக்களுக்கு உறுதி சொன்னார்: உங்கள் தொலைபேசி உரையாடல்களை யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அந்தத் திட்டத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான். அவர்கள் சேகரித்தது மெட்டாடேட்டா மட்டும். யார், யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் பேசினார்கள் என்ற விவரம் இருக்கும். என்ன பேசினார்கள் என்பது இருக்காது. கடிதத்தைப் பிரிக்காமல், உறையின் மேல் எழுதியிருப்பதை மட்டும் குறித்துக்கொள்வது போல.

கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 823 பேர் தங்கள் அழைப்புப் பதிவுகளை விரும்பிக் கொடுத்தார்கள். ஆய்வு 2016இல் வெளியானது. பங்கேற்றவர்களில் ஒருவருக்கு ஒரு மருத்துவமனையின் இதயப் பிரிவிலிருந்து நீண்ட அழைப்பு வந்திருக்கிறது. அப்புறம் ஒரு பரிசோதனைக் கூடத்தோடு பேச்சு. மருந்துக் கடையிலிருந்து அழைப்புகள். இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் ஒரு கருவியின் உதவி எண்ணுக்குச் சில சின்ன அழைப்புகள். ஒரு வார்த்தை கேட்காமலே அவருக்கு இதயத் துடிப்புக் கோளாறு என்று சொல்லிவிடலாம். மனிதர்கள் பேச்சில் பொய் சொல்லலாம், பூசி மெழுகலாம், சுற்றி வளைக்கலாம். அழைத்த எண்ணும் நேரமும் அப்படி எதையும் செய்யாது. அதனால்தான் உள்ளடக்கத்தைவிட மெட்டாடேட்டா அலசுவதற்கு வசதி. கணினிக்கு அது அட்டவணையாகவே கிடைத்துவிடுகிறது. என்எஸ்ஏ, சிஐஏ இரண்டுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன் 2014இல் ஒரு விவாத மேடையிலேயே ஒப்புக்கொண்டார்: மெட்டாடேட்டாவை வைத்து ஆட்களைக் கொல்கிறோம் என்று. 'வெறும் மெட்டாடேட்டாதானே' என்று இனி யார் சொன்னாலும் என்னால் ஏற்க முடியாது.

இன்னொரு வழியையும் சொல்ல வேண்டும். அரசு தானே சேகரிக்காமல் விலைக்கு வாங்கிவிடலாம். வானிலை சொல்லும் செயலி, விளையாட்டுச் செயலி போன்றவை எடுக்கும் இருப்பிடத் தரவு விளம்பரத்துக்காகக் கைமாறிக் கைமாறிச் சந்தைக்கு வருகிறது. செல்போன் நிறுவனத்திடமிருந்து ஒருவரின் நீண்டகால இடப் பதிவுகளை வாங்க நீதிமன்ற ஆணை தேவை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018இல் கார்பென்டர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் கடையில் விற்பதை வாங்கும்போது அந்த ஆணையை யாரும் கேட்பதில்லை. உளவு அமைப்புகள் இப்படிச் சந்தையில் தரவு வாங்குவதை அமெரிக்க உளவுத்துறையின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. அது 2023இல் வெளியிடப்பட்டது.

மறைக்க ஒன்றுமில்லை என்பவருக்கு

இந்த இடத்தில் நிச்சயம் ஒரு குரல் எழும். நான் தப்பு எதுவும் செய்யவில்லை, என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை, பார்த்துவிட்டுப் போகட்டும். நேர்மையானவர்கள் சொல்வதுதான் இது, அதனால் அலட்சியமாக ஒதுக்கக் கூடாது. அவர்கள் நினைப்பது இன்றைய அரசை, இன்றைய சட்டத்தை, இன்றைய தங்களை. தரவோ இன்றோடு அழிவதில்லை.

நெதர்லாந்தில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே மக்கள் பதிவேடு மிக ஒழுங்காக இருந்தது. ஒவ்வொருவரின் முகவரியோடு மதமும் அதில் இருந்தது. அதைக் கொடுத்தபோது யாருக்கும் மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. நல்ல நிர்வாகத்துக்காகக் கேட்டார்கள், கொடுத்தார்கள். 1940இல் நாஜிகள் நாட்டைப் பிடித்தார்கள், பதிவேடும் அவர்கள் கைக்குப் போனது. நெதர்லாந்து யூதர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கொல்லப்பட்டார்கள். அதற்குக் காரணங்கள் பல; தயாராகக் கிடைத்த பட்டியல் அவற்றில் ஒன்று. 1943 மார்ச் 27 இரவு எதிர்ப்புக் குழு ஒன்று காவலர் சீருடை அணிந்து ஆம்ஸ்டர்டாம் பதிவு அலுவலகத்துக்குள் புகுந்து அட்டைகளுக்குத் தீ வைத்தது. ஒரு பகுதிதான் எரிந்தது. அந்தச் செயலுக்காக 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு பட்டியலை அழிப்பதற்கு உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவிலேயே இன்னொரு பட்டியல் கதை உண்டு. 1950களில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்ஏஏசிபி என்ற அமைப்பிடம் உறுப்பினர் பட்டியலைக் கொடு என்று அலபாமா மாநிலம் கேட்டது. கொடுத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்: வேலை போகும், வீடு தாக்கப்படும், உயிருக்கே உலை வைப்பார்கள். அமைப்பு மறுத்தது. 1958இல் உச்ச நீதிமன்றம் அமைப்பின் பக்கம் நின்றது. பெயர் வெளியே தெரியாமல் ஒன்று சேர முடியவில்லையென்றால், சேரும் உரிமையே பல நேரம் இல்லாமல் போகும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அந்த உறுப்பினர்களும் எந்தத் தப்பும் செய்யவில்லை.

தானாக வரும் மௌனம்

இரண்டாவது கேள்விக்கு வருவோம். பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் மனிதர்கள் மாறுகிறார்களா?

ஸ்னோடன் ஆவணங்கள் வெளிவந்ததற்கு முன்னும் பின்னும் விக்கிப்பீடியாவில் 48 கட்டுரைகளை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஜான் பென்னி என்ற சட்ட ஆய்வாளர் அலசினார். பயங்கரவாதத்தோடு தொடர்புடைய தலைப்புகள் அவை. 2013 ஜூனுக்குப் பிறகு பார்வைகள் சட்டென்று சரிந்திருந்தன. கலைக்களஞ்சியக் கட்டுரையைப் படிப்பது எந்தச் சட்டப்படியும் குற்றம் ஆகாது. படிக்காதே என்று யாரும் தடுக்கவும் இல்லை. விரல் தானாகப் பின்வாங்கியிருக்கிறது. அதே ஆண்டு பென் அமெரிக்கா என்ற எழுத்தாளர் அமைப்பு தன் உறுப்பினர்களைக் கேட்டபோது, கண்காணிப்புக்கு அஞ்சி ஏதோ ஒரு விஷயத்தைப் பற்றி எழுதவோ பேசவோ தவிர்த்ததாக ஆறு பேரில் ஒருவர் சொன்னார். எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் நிலை இது.

இதைத்தான் சுய தணிக்கை என்கிறோம். கத்தரிக்கோலை அரசு எடுப்பதில்லை, நாமே எடுத்துக்கொள்கிறோம். வெட்டப்பட்டது எது என்பது வெளியே தெரியவே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. தடை செய்யப்பட்ட புத்தகத்தைக் காட்டி வழக்குப் போடலாம். எழுதப்படாத புத்தகத்தைக் காட்டி என்ன செய்வது?

கிழக்கு ஜெர்மனியின் ஷ்டாசி உளவுப்படைக்கு 1989இல் சுமார் 91,000 முழுநேர ஊழியர்கள் இருந்தார்கள். அதற்கு மேல் ஒன்றே முக்கால் லட்சம் அளவுக்கு ரகசியத் தகவலாளிகள்: பக்கத்து வீட்டுக்காரர், உடன் வேலை செய்பவர், சில நேரம் சொந்த வாழ்க்கைத் துணை. ஒன்றரைக் கோடிக்குச் சற்று அதிகமான மக்களைக் கவனிக்க அத்தனை ஆட்கள் தேவைப்பட்டார்கள். இருந்தும் எல்லோரையும் எப்போதும் கவனிக்க முடியவில்லை. கவனிக்க வேண்டிய தேவையும் இல்லை. எதிரில் இருப்பவர் யாரென்று தெரியாத நிலை இருந்தால் போதும், மனதில் ஒன்று வாயில் ஒன்று என்று எல்லோரும் பழகிக்கொள்வார்கள். அப்புறம் ஒவ்வொருவருக்கும் தன்னைத் தவிர மற்ற எல்லோரும் திருப்தியாக இருப்பது போலவே தோன்றும். டிமுர் குரான் என்ற பொருளாதார அறிஞர் இந்தப் பொய்த்தோற்றத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 1989 அக்டோபர் 9 அன்று லைப்சிக் நகரத் தெருக்களில் ஏறத்தாழ 70,000 பேர் நடந்தபோது உடைந்தது இந்தத் தோற்றம்தான். தான் தனியாள் இல்லை என்று அன்று ஒவ்வொருவரும் கண்ணால் பார்த்தார்கள். அடுத்த மாதம் பெர்லின் சுவர் திறந்தது.

கீவிலும் அந்தக் குறுஞ்செய்தி பலிக்கவில்லை. சதுக்கம் காலியாகவில்லை, பிப்ரவரியில் அதிபர்தான் நாட்டை விட்டு ஓடினார். செய்தி வந்தபோது அவர்கள் ஏற்கெனவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றிருந்தார்கள் என்பது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். அதே செய்தி, போகலாமா வேண்டாமா என்று வீட்டில் தனியாக உட்கார்ந்து யோசிப்பவருக்கு வந்திருந்தால்? கண்காணிப்பு கைவைப்பது அந்தத் தனியாளின் மேல்தான்.

ஏன் தெருவுக்கு வரவில்லை

இப்போது என் கேள்வி. ஸ்னோடன் வெளிப்படுத்தியதைக் கேட்டு உலகமே கொதித்து எழுந்திருக்க வேண்டும் அல்லவா? செய்தி வந்த சில நாட்களில் பியூ ஆய்வு மையமும் வாஷிங்டன் போஸ்ட்டும் அமெரிக்கர்களிடம் கேட்டன. பயங்கரவாத விசாரணைக்காகத் தொலைபேசிப் பதிவுகளை என்எஸ்ஏ எடுப்பது ஏற்கத்தக்கதே என்றவர்கள் 56 சதவீதம். ஏற்க முடியாது என்றவர்கள் 41 சதவீதம். நாட்டில் நூற்றுக்கு நாற்பது பேர் எதிர்ப்பு என்றால் அது சிறிய எண்ணிக்கை கிடையாது. ஆனால் அந்த அக்டோபர் 26 அன்று தலைநகர் வாஷிங்டனில் நடந்த பேரணிக்கு வந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான்.

மக்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டுவது எளிது. அது தவறு என்றே நான் நினைக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நாட்டின் நிகழ்வைச் சொல்கிறேன்.

1983, மேற்கு ஜெர்மனி. ஏப்ரல் 27 அன்று மக்கள் தொகைக் கணக்கெடுப்பு நடத்த ஏற்பாடாகியிருந்தது. நாடாளுமன்றத்தில் அந்தச் சட்டத்தை எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாக வந்து படிவம் கொடுப்பார்கள். விடைகளை உள்ளூர் நிர்வாகத்தின் பதிவேடுகளோடு ஒப்பிட்டுத் திருத்தவும் சட்டம் இடம் கொடுத்தது. என்எஸ்ஏ எடுத்ததோடு வைத்துப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் நாடு முழுக்கப் புறக்கணிப்புக் குழுக்கள் முளைத்தன. இடதுசாரிகள், வழக்கறிஞர்கள், சாதாரணக் குடும்பத்தினர் என்று பல தரப்பினரும் சேர்ந்தார்கள். கணக்கெடுப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. டிசம்பர் 15 அன்று வந்த தீர்ப்பு, தன்னைப் பற்றிய தகவல் யாரிடம் எதற்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்தந்த மனிதருக்கே உண்டு என்று நிலைநாட்டியது. கணக்கெடுப்பு, சட்டத்தைத் திருத்திய பிறகு 1987இல்தான் நடந்தது.

அங்கே நடந்தது அமெரிக்காவில் ஏன் நடக்கவில்லை? நாஜிக் கால நினைவு ஜெர்மனியில் ஆறாமல் இருந்தது ஒரு காரணம். அதைவிட எளிய ஒரு காரணமும் கண்ணுக்குப் படுகிறது. 1983இல் ஒருவர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார், தாளை நீட்டுவார், நீங்கள் பேனாவை எடுத்து எழுத வேண்டும். மாட்டேன் என்று சொல்வதற்கு ஒரு கணமும் ஓர் இடமும் இருந்தன. பக்கத்து வீட்டிலும் அதே தாள், அதே நாள். ஆகவே சேர்ந்து மறுக்கவும் முடிந்தது. 2013இல் யாரும் கதவைத் தட்டவில்லை. தொலைபேசி நிறுவனத்துக்கும் உளவு அமைப்புக்கும் நடுவே ஒரு கம்பி வழியாக எல்லாம் போய் முடிந்துவிட்டது. உங்கள் பதிவு எடுக்கப்பட்ட நாள் எது, யார் பார்த்தார், அதனால் உங்களுக்கு என்ன இழப்பு? எதுவும் தெரியாது. காயம் தெரியாதபோது கோபம் எங்கிருந்து வரும்? வந்தாலும் யாரிடம் போய் மறுப்பது?

இதன் மேல் இரண்டு விஷயங்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஒன்று, சலிப்பு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் டுரோவின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் தகவல் மேல் தங்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றும், ஆனால் அது ஏற்கெனவே கைநழுவிவிட்டது என்றும் ஒருசேரச் சொன்னவர்கள் பாதிக்கும் மேல். கவலை இல்லாததால் மக்கள் 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அழுத்தவில்லை. அழுத்தாமல் இருந்தால் என்ன மாறும் என்று தெரியாததால் அழுத்துகிறார்கள். இன்னொன்று, ஊரோடு ஒத்துப்போகும் மௌனம். பெரும்பான்மை தன் பக்கம் இல்லை என்று நினைப்பவர் வாயை மூடிக்கொள்வார், அதைப் பார்த்து இன்னொருவர் மூடிக்கொள்வார், மௌனம் சுழன்று பெருகும் என்று எலிசபெத் நோயல்-நொய்மன் 1974இலேயே எழுதினார். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் பியூ மையம் இதைச் சோதிக்க எடுத்துக்கொண்ட விஷயம் ஸ்னோடன் விவகாரமேதான். அதைப் பற்றி நேரில் பேசத் தயார் என்றவர்கள் 86 சதவீதம். ஃபேஸ்புக்கிலோ ட்விட்டரிலோ எழுதத் தயார் என்றவர்கள் அவற்றைப் பயன்படுத்துவோரில் 42 சதவீதம்தான்.

ஆக, கண்காணிப்பு மறைவாக இருக்கும்வரை கோபம் வருவதில்லை. வெளியே தெரிந்ததும் பயம் வந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில், தெரிந்தும் பயப்படாமல் நிற்கும் அந்தக் குறுகிய நேரத்தில்தான் எதிர்ப்பு பிறக்க வேண்டியிருக்கிறது. மற்ற எந்தப் பிரச்சினையிலும் எதிர்ப்பு இவ்வளவு நெருக்கடியான இடத்தில் சிக்குவதில்லை. விலைவாசிக்கு எதிராகப் போராடப் போகிறவரை விலைவாசி திரும்பிப் பார்ப்பதில்லை. 1983 தீர்ப்பை எழுதிய நீதிபதிகள் இதைத் தெளிவாகவே பார்த்தார்கள். ஒரு கூட்டத்தில் கலந்துகொள்வது அரசால் பதிவு செய்யப்படும், அதனால் தனக்கு ஆபத்து வரலாம் என்று எண்ணுபவர் அந்த உரிமையைப் பயன்படுத்தாமலே விட்டுவிடக்கூடும் என்றும், அது அந்த மனிதரை மட்டுமல்ல, பொது நலனையும் பாதிக்கும் என்றும் தீர்ப்பிலேயே எழுதி வைத்தார்கள். செல்போன் பரவலாகப் புழக்கத்துக்கு வராத காலம் அது.

எல்லாக் கண்காணிப்பும் ஒன்றா

இல்லை. ஒரு கொலை வழக்கில், இன்ன ஆள் மேல் இன்ன காரணத்தால் சந்தேகம் என்று நீதிமன்றத்தில் சொல்லி, இத்தனை நாளுக்கு என்று அனுமதி வாங்கி, அவர் போனை மட்டும் கவனிப்பதை நான் எதிர்க்க மாட்டேன். சந்தேகம் முதலில், சேகரிப்பு பிறகு. மொத்தச் சேகரிப்பு இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. எல்லோரிடமிருந்தும் முதலில் எடுத்து வைத்துக்கொள்வோம், சந்தேகம் வரும்போது தேடிக்கொள்ளலாம் என்கிறது.

பாதுகாப்புக்காக இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. அதற்கு அரசு அமைப்பு ஒன்றே பதில் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவின் தனியுரிமை மற்றும் குடிமைச் சுதந்திரங்கள் மேற்பார்வை வாரியம், ரகசிய ஆவணங்களைப் பார்க்கும் அனுமதியோடு அந்தத் தொலைபேசிப் பதிவுத் திட்டத்தை ஆராய்ந்து 2014 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. நாட்டுக்கு அச்சுறுத்தலான எந்தப் பயங்கரவாத விசாரணையின் முடிவிலும் அந்தத் திட்டம் குறிப்பிடத்தக்க மாற்றத்தை உண்டாக்கியதாக ஒரு நிகழ்வைக்கூடத் தங்களால் காண முடியவில்லை என்றது. 2015இல் நாடாளுமன்றம் அந்த மொத்தச் சேகரிப்பை முடிவுக்குக் கொண்டுவந்தது. 2020இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டவிரோதமாக நடந்தது என்றே சொன்னது.

எந்த நாட்டில் எந்தக் கண்காணிப்புச் சட்டம் வந்தாலும் சில விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். அனுமதி கொடுப்பது நீதிபதியா, கேட்கும் துறையின் மேலதிகாரியா? தரவு எத்தனை நாள் வைக்கப்படும்? வழக்கு முடிந்த பிறகாவது சம்பந்தப்பட்டவருக்குச் சொல்வார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் கவனிப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். தான் கண்காணிக்கப்பட்டது தெரியாத ஒருவர் எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது.

கையில் உள்ளது

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விரிவாகச் சொல்லும் இடங்கள் நிறைய உண்டு. சிக்னல், வாட்ஸ்அப் போன்றவற்றில் எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் இருக்கிறது. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர நடுவில் உள்ள நிறுவனத்தால்கூடச் செய்தியைப் படிக்க முடியாது. வாட்ஸ்அப் இதை 2016 ஏப்ரலில் எல்லோருக்கும் கொண்டுவந்தது. ஆனால் யாரோடு எப்போது பேசினீர்கள் என்ற மெட்டாடேட்டாவை அது மறைத்துவிடாது. போனின் அமைப்புகளுக்குள் போய், எந்தெந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள், தேவையில்லாததை நீக்குங்கள். சந்தைக்குப் போகும் தரவு அந்த அளவுக்குக் குறையும். நீளமான கடவுச்சொல் வையுங்கள்.

2019இல் ஹாங்காங் போராட்டங்களின்போது மெட்ரோ நிலையங்களில் டிக்கெட் எந்திரங்கள் முன்னால் நீண்ட வரிசைகள் நின்றன. வழக்கமாக அங்கே எல்லோரும் ஆக்டோபஸ் என்ற பயண அட்டையைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அட்டையில் பயணம் பதிவாகும் என்பதால், போராட்டத்துக்கு வந்தவர்கள் காசு கொடுத்து ஒற்றைப் பயணச் சீட்டு வாங்கினார்கள். முன்பின் தெரியாதவர்களுக்காகச் சிலர் எந்திரத்தின் மேல் சில்லறையை வைத்துவிட்டுப் போனார்கள். தனியுரிமை என்றால் தன்னை மட்டும் காத்துக்கொள்வது என்று நினைப்பவர்களுக்கு இதை அடிக்கடி சொல்வேன்.

எல்லோராலும் தெருவில் நிற்க முடியாது. குடும்பம், வேலை, உடல்நிலை, விசா என்று நியாயமான காரணங்கள் இருக்கும். அவர்களுக்கும் வழி இருக்கிறது என்பதற்கு ஐரோப்பாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எல்லாக் குடிமக்களின் தொலைபேசி, இணையத் தொடர்புப் பதிவுகளையும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை நிறுவனங்கள் சேமித்து வைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் ஆணையிட்டது. ஜெர்மனியில் அதற்கான சட்டம் 2008இல் அமலுக்கு வந்ததும், அதை எதிர்த்து ஏறத்தாழ 34,000 பேர் கையெழுத்திட்டு அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார்கள். செய்ய வேண்டியிருந்தது ஒரு படிவத்தை நிரப்பி வழக்கறிஞருக்கு அஞ்சலில் அனுப்புவது மட்டும்தான். 2010 மார்ச் 2 அன்று நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. நிறுவனங்கள் அதுவரை சேமித்ததை உடனே அழிக்க வேண்டியதாயிற்று. ஆஸ்திரியாவில் இதேபோல் 11,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்து தொடுத்த வழக்கும், அயர்லாந்தில் ஒரு சின்ன உரிமை அமைப்பு தொடுத்த வழக்கும் ஐரோப்பிய நீதிமன்றத்தை எட்டின. 2014 ஏப்ரல் 8 அன்று அந்த ஆணையே ரத்தானது. ஜெர்மனி 2015இல் வேறு உருவில் மறுபடி ஒரு சட்டம் இயற்றியது. அதையும் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். காரணமின்றி எல்லோர் தரவையும் சேமிப்பது ஐரோப்பியச் சட்டத்துக்கு ஒவ்வாது என்று அந்த வழக்கில் 2022 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது.